குமாரியின் எடைக்கு மணல்

கார் வாங்கப் போகிறோம் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் வாயைத் திறந்தால் போதும், சைக்கிள் மிதிக்கத் தெரியாதவன்கூட எஞ்சினைப் பற்றிப் பேச வந்துவிடுவான். அழகமுத்து இதை அறிந்தவர். அதனால்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் விஜயகலாவுக்கும், ஓப்பநாயக்கவில் கராஜ் வைத்திருக்கிற அக்கா மகன் கஜேந்திரனுக்கும் மட்டும் விஷயம் தெரியும். ஆனால் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஒரு கிழமைக்குள் நீலகந்தைத் தோட்டத்து மேல்பிரிவு முழுக்கப் பேச்சாகிவிட்டது. கோயில் தலைவர் வந்து, எடுத்தால் ஜப்பான் வண்டிதான் எடுக்க வேண்டும் என்றார். ஆட்டோக்காரப் பையன், இந்தியா வண்டிக்குத்தான் மூலை முடுக்கெல்லாம் சாமான் கிடைக்கும் என்றான். கடைசி வீட்டுக்காரர், அந்தக் காசுக்கு ஒரு மாட்டுப்பட்டியே வைக்கலாமே என்று வருத்தப்பட்டார். எதைப் பேசினாலும் அவருக்கு மாட்டில்தான் போய் முடியும்.

அழகமுத்து அந்தத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கங்காணி. தினமும் மடுவத்தில், அந்தக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மலையிலிருந்து பெண்கள் கொண்டுவருகிற கொழுந்தை நிறுத்து, சாக்குக்கும் தண்ணிக்கும் இவ்வளவு என்று கழித்துவிட்டு, மிச்சத்தைச் சத்தமாகச் சொல்வார். மழைநாள் என்றால் கழிவு கூடும். பெண்கள் முணுமுணுப்பார்கள், அவர்களில் புஷ்பம் வாய்விட்டே திட்டுவாள், அவர் அசைய மாட்டார். அவருடைய மனைவி கிருஷ்ணகுமாரி கொழுந்தெடுத்த காலத்தில் அவளுக்கும் அதே கழிவுதான். கட்டின பொண்டாட்டிக்குமா என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். கட்டின பொண்டாட்டி கொழுந்திலும் தண்ணி இருக்கும் என்றார் இவர். அன்று சாப்பாட்டுக்கு ரொட்டி கிடைத்தது, சம்பல் கிடைக்கவில்லை.

அந்தக் குமாரி இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். கொரோனாவுக்கு முந்தின வருஷம் போனவள். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்றுதான் போனாள். கொரோனாவில் விமானம் நின்றது. பிறகு இங்கே அரிசிக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிற காலம் வந்தது. ஒரு இரண்டு வருஷ வேலைக் கொந்தராத்து முடியும்போது இன்னொன்று என்று போட்டுப்போட்டு, அவள் வராமலே வருஷங்கள் போய்விட்டன.

அவள் புறப்பட்ட நாளில் பெரிய மழை. மேல்பிரிவுக்குப் பஸ் கிடையாது, பேசிவைத்த ஆட்டோவும் மண் சரிவைச் சாக்குச் சொல்லி வரவில்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு முனியாண்டி வளைவு வழியாகப் பஸ் ரோடு வரைக்கும் நடந்தே இறங்கினாள். பிள்ளைகள் மூன்றும் பின்னால் நடந்தன. பஸ்ஸில் ஏறப்போகும்போது திரும்பி, "எறங்குறத நடந்து எறங்கிட்டேன். திரும்பி வரும்போது இந்த ஏத்தத்த நடந்து ஏறமாட்டேங்க. நம்ம கார்ல ஒக்காந்துதான் ஏறுவேன், பாத்துக்கங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அழுதுவிடுவோமோ என்று பயம் வந்தால் குமாரி சிரிப்பாள். கல்யாணத்தன்று தாய்வீட்டிலிருந்து கிளம்பும்போதும் அப்படித்தான் சிரித்தாள்.

அவள் போன பிறகு வீடு சிறிது சிறிதாகக் காலியாயிற்று. மகன்கள் மதுசனும் சசியும் பள்ளிக்கூடம் முடித்ததும் கொழும்பில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். தீபாவளிக்கு வருவார்கள், தூங்குவார்கள், போய்விடுவார்கள். வீட்டில் அப்பாவும் மகளும்தான். விஜயகலா தோட்டத்துப் பிள்ளைகள் நிலையத்தில் வேலை செய்கிறாள். அம்மா சொன்னாள் என்று பலாங்கொடைக்குப் போய் ஓட்டப் பழகி லைசனும் எடுத்துவைத்திருக்கிறாள். கார் இல்லாமல் லைசன் எடுத்த பெண் என்று லயத்தில் அவளுக்குப் பெயர்.

அழகமுத்துவுக்கு மனைவியின் ஞாபகம் எந்த நேரத்தில் வரும் என்று கேட்டால், மடுவத்தில்தான் வரும் என்பார், கேட்கத்தான் ஆள் இல்லை. வரிசையில் புஷ்பத்துக்கு அடுத்த இடம் குமாரியுடையது. இன்றைக்கும் புஷ்பத்தின் கொழுந்தை நிறுத்ததும் அவர் கை ஒரு கணம் தராசிலேயே நிற்கும். அடுத்த ஆள் சாக்கைத் தூக்கிக்கொண்டு, "என்ன கங்காணி, தூங்கிட்டீங்களா?" என்பாள். அவள் மேல் அவருக்குக் கோபம் வரும். அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இனிக் காருக்கு வருவோம்.

கஜேந்திரன் இரண்டு வண்டியைப் பார்த்துவைத்திருந்தான். ஒன்று வெள்ளை, ஜப்பான் வண்டி, பலாங்கொடையில் பழைய கார் விற்கும் ஒரு கார் சேலில் நின்றது. வயதானது, ஆனால் எஞ்சின் பெரிசு. பின்சீட்டில் மூன்று பேர் முழங்கால் இடிக்காமல் உட்காரலாம். ஒரு டொக்டர் ஓட்டிய வண்டி என்றார் சேல்காரர். விற்பனைக்கு நிற்கிற காரை எல்லாம் டொக்டர்மார்தான் ஓட்டியிருக்கிறார்கள். அத்தனை டொக்டர்மார் இருக்கிற நாட்டில் யாருக்கும் காய்ச்சல்கூட வரக்கூடாது. ஆனாலும் கஜேந்திரன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, வண்டி கல்லு மாதிரி இருக்கிறது, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும் என்றான். சாமான் மாற்ற வேண்டிவந்தால் செலவு கடிக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

மற்றது சிவப்பு, இந்தியா வண்டி. ஓப்பநாயக்கவில் ஓய்வுபெற்ற சிங்கள வாத்தியார் குணதிலக மாத்தயாவுடையது. வயது குறைவு, விலையும் குறைவு. பன்சலை என்கிற புத்த கோயிலுக்கும் பென்ஷன் எடுக்கவும் போனதைத் தவிர வேறு ஓட்டம் அறியாத வண்டி. ஒயில் மாற்றிய பில்லைக்கூட மாத்தயா கட்டிவைத்திருந்தார். கஜேந்திரன் ஒயிலில் விரலை விட்டு முகர்ந்தான், டயர்ச் சில்லை ஆட்டிப் பார்த்தான், கதவைத் திறந்து திறந்து மூடினான். குறை ஒன்றுமில்லை.

"சுத்தமான வண்டி மாமா. பலாங்கொடைக்கும் ரத்தினபுரிக்கும் ஓடணும்னா கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றான். "ஆனா சின்ன எஞ்சின். அஞ்சு பேரும் ஏறிக்கிட்டா, ஒங்க முனியாண்டி வளைவுல இழுக்குமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பார்த்தால் சிவப்புதான். குமாரி அனுப்பிச் சேர்த்த பணம் அதற்குச் சரியாக வரும். வெள்ளைக்கு வராது. லீசிங் போடலாம்தான், ஆனால் பக்கத்து லயத்தில் லீசிங்காரன் வந்து ஆட்டோவை இழுத்துக்கொண்டு போனதிலிருந்து குமாரிக்கு அந்தச் சொல்லே ஆகாது. அவள் சொன்ன வழி வேறு. வாங்குவதானால் வெள்ளையை வாங்குங்கள், ஒரு தரம் வாங்குகிற சாமான் உழைக்க வேண்டும், நான் இன்னும் இரண்டு வருஷம் போட்டுக்கொள்கிறேன், இரண்டு வருஷம்தானே என்றாள். வீட்டு மேடம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறாராம், இருக்கிறாயா இல்லை டிக்கெட் போடட்டுமா என்று.

இரண்டு வருஷம்தானே. அந்தத் 'தானே'யை அழகமுத்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வெள்ளைக் கார் இருபது வருஷம் உழைக்கட்டும், அதில் யார் உட்கார்ந்து போவது? வெள்ளைக் கார் என்றால் குமாரி இல்லாத இரண்டு வருஷம். சிவப்புக் கார் என்றால் குமாரி இந்த மாதமே. அவருக்குக் கணக்கு அவ்வளவுதான். ஆனால் வா என்று சொல்ல வாய் வரவில்லை. உழைத்தவள் அவள், ஆசைப்பட்டவளும் அவள், தன் தவிப்புக்காக அவள் ஆசையைக் குறைக்கச் சொல்வது என்ன நியாயம் என்று நினைத்தார். சிவப்புக் கார் அந்த ஏத்தத்தில் ஏறிக்காட்டட்டும், அப்போது தைரியமாகச் சொல்லலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஏற்றிப் பார்ப்பதற்கு லயத்தில் ஆளுக்கா பஞ்சம்? ஏறச் சொன்னால் ஐம்பது பேர் ஏறுவார்கள். ஆனால் புஷ்பத்தை ஏற்றினால் அடுத்த வீட்டுக்காரி முகம் கறுப்பாள், எல்லாரையும் ஏற்றி வண்டி நின்றுவிட்டால் ஊர் சிரிக்கும். அதுவும் போக, தராசு பிடித்த மனுஷனுக்குக் குத்துமதிப்பு பிடிக்காது. தன் குடும்பத்தின் சரியான எடைக்கு மணல் மூட்டை கட்டி ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

மகன்களிடம் போனில் எடை கேட்டார். மதுசன் உள்ளதைச் சொன்னான். சசி கூச்சப்பட்டு இரண்டு கிலோ குறைத்துச் சொல்லி, அண்ணனிடம் மாட்டிக்கொண்டான். குமாரியிடமும் கேட்டார். மேடம் தூங்குகிற மத்தியான நேரத்தில்தான் அவள் பேசுவாள். போனை முகத்துக்கு அவ்வளவு கிட்ட வைத்துக்கொள்வாள். வீடியோவில் கண்ணும் மூக்கும் முக்காடும்தான் தெரியும்.

"என்னங்க, என்ன கிலோ கணக்குல விக்கப் போறீங்களா?" என்றாள்.

காரில் ஏற்றிப் பார்க்க மணல் மூட்டை கட்டத்தான் என்று சொன்னார். முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, போகும்போது மெடிக்கலில் ஐம்பத்தாறு எழுதினார்கள், அதையே போடுங்கள் என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குணதிலக மாத்தயா சாவியைத் தந்தார். கஜேந்திரன் பொறுப்பு என்றால் அவருக்கு வேறு பேச்சில்லை. "ஹெமின் ஹெமின்" என்று மட்டும் விஜயகலாவிடம் சொன்னார், மெதுவாக, மெதுவாக என்று. பெண் பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர்போல வாசல் வரைக்கும் வந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

வேலையில்லாத நாள், மடுவம் காலியாகக் கிடந்தது. ஓடையில் மணல் அள்ளி, உரச் சாக்கில் கொட்டி, அழகமுத்து தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். முதலில் மதுசன், பிறகு சசி, கடைசியில் குமாரி. குமாரியின் மூட்டைக்கு மட்டும் கல் இல்லாத மணலாகப் பார்த்து அள்ளினார். ஏன் அப்படி என்று மகள் கேட்கவில்லை. மூன்றையும் பின்சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டார்கள். பஸ்ஸில் வாந்தியெடுக்கிறவள் அம்மா, அவளுக்கு ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று விஜயகலா அந்த மூட்டையை இடது ஜன்னலோரம் நகர்த்தி, கண்ணாடியையும் பாதி இறக்கிவிட்டாள்.

மகள் ஓட்ட, அழகமுத்து முன்னால் உட்கார, கஜேந்திரன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். அழகமுத்து ஒருதரம் திரும்பிப் பார்த்தார். மூன்று மூட்டையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குடும்பம் முழுசாக ஒரே வண்டியில் போவது இதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றியது, உடனே திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

தேயிலை பாக்டரி வரைக்கும் வண்டி பாட்டுப்பாடிக்கொண்டு ஏறிற்று. அதன் பிறகு ரோடு நிமிர்ந்தது. முனியாண்டி வளைவு இருக்கிறதே, அதைப் போட்டவன் மாட்டு வண்டியை நினைத்துப் போட்டானா, ஆட்டை நினைத்துப் போட்டானா தெரியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கூரையில் சாய்த்த ஏணிபோல ரோடு. விஜயகலா முதல் கியரைப் போட்டு அழுத்தினாள். எஞ்சின் கத்தியது. வளைவின் பாதியில் வண்டி முக்கி, நின்று, பின்னுக்கு உருளப் பார்த்தது. கஜேந்திரன் ஓடிவந்து சில்லுக்கு ஒரு கல்லை வைத்தான்.

எல்லோரும் இறங்கினார்கள். விஜயகலாதான் மூட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், மணல் இவ்வளவு ஈரமாக இருக்கிறதே, எப்படி நிறுத்தீர்கள் என்று. வழக்கம்போலத்தான், சாக்குக்கும் தண்ணிக்கும் மூட்டைக்கு மூன்று கிலோ கழித்துத்தான் நிறுத்தேன் என்றார் அழகமுத்து. குமாரிக்குத் தராசில் ஐம்பத்தொன்பது காட்டிய பிறகுதான் ஐம்பத்தாறு என்று கட்டியிருந்தார்.

"அப்பா, கார் தண்ணிக்குக் கழிக்குமா?" என்றாள் மகள். கஜேந்திரன் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

அழகமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது, அதைவிட நிம்மதி வந்தது. பிழை தன்னுடையது, வண்டி பாவம், நல்ல வண்டி. இருபது வருஷப் பழக்கம் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று சொல்லிக்கொண்டு மூட்டைக்கு மூன்று கிலோ அளவாக அள்ளி வெளியே கொட்டினார். வண்டியைப் பாக்டரி வரைக்கும் இறக்கி மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை கொஞ்சம் கூடப் போயிற்று. முனியாண்டி கோயில் வாசல் தெரிந்தது, சூலம் தெரிந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார், தான் சாய்ந்தால் வண்டி ஏறிவிடும் என்பதுபோல. அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு மூட்டையை இறக்கிப் பார்ப்போம் என்றான் கஜேந்திரன். இடது கதவைத் திறந்தான், கைக்கு எட்டிய மூட்டையைத் தூக்கிப் பாறையோரம் வைத்தான். அது குமாரியின் மூட்டை. வண்டி கிளம்பிற்று. ஒரு முனகல் இல்லை, வளைவைத் திரும்பிக் கோயிலைத் தாண்டி மேலே போய் நின்றது. விஜயகலா ஹார்ன்கூட அடித்தாள். அழகமுத்து இறங்கி வளைவுக்கு நடந்து வந்தார். பாறையோரம் அந்த மூட்டை தனியாக உட்கார்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆறு வருஷமாக அவள் இல்லாமலே எல்லாம் நடக்கிறது, இந்தப் பாழாய்ப்போன காரும் அதையேதான் செய்ய வேண்டுமா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

கஜேந்திரன் மெதுவாகச் சொன்னான், மாமா, வெள்ளை வண்டியையே எடுங்கள், இது ஒத்துவராது என்று. பிறகு வண்டியைத் திருப்பி வளைவின் அடிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மூட்டையை ஏற்றிவிட்டு, விஜயகலாவோடு பாக்டரியடிக் கடைக்குப் பால் ஊற்றாத சாயத்தண்ணி குடிக்கப் போனான். அழகமுத்து போகவில்லை. பின்சீட்டில் மதுசனுடைய மூட்டையை நகர்த்திவிட்டு, குமாரியின் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது போன் அடித்தது. குமாரிதான்.

"ஏறிச்சாங்க?"

"ஏறல."

"எல்லாரு மூட்டையும் ஏத்தித்தானே பாத்தீங்க?"

"எல்லாரும் இருந்தா ஏறல." அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நீ இல்லாம ஏறுது."

 அவர் போனில் அவள் முகத்தைப் பார்த்தார்.  எப்போதும்போல அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.

"எனக்கு எத்தன போட்டீங்க?" என்று கேட்டாள்.

"அம்பத்தாறு. நீ சொன்னதுதானே."

"அது போகும்போது" என்றாள். "இப்ப நாப்பத்தொன்னுங்க. பதினஞ்சு கிலோ கொறைச்சுப் பாருங்க. ஏறும்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பதினைந்து கிலோ என்பது அவர் கையில் தினமும் தொங்குகிற ஒரு சாக்குக் கொழுந்து. அதை ஒரு ஆளிடமிருந்து எங்கே எடுப்பது?

"சாப்பாடு தர்றதில்லையா அவங்க?"

"தர்றாங்க. எறங்க மாட்டேங்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வான்னு சொல்லுவீங்க. நீங்க வான்னு சொன்னா நான் வந்துருவேன்." அவள் இப்போது சிரிக்கவில்லை. "எனக்கு வரணும்ங்க. வெள்ளையும் வேணாம், செவப்பும் வேணாம், எனக்கு வீட்டுக்கு வரணும். கொறைச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க." உள்ளே யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது, போன் நின்றுவிட்டது.

இவர் அவள் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்க, அவள் இவர் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் கடல் மட்டுமா இருந்தது, இந்தப் பாழும் மரியாதையும்தான் இருந்தது. அழகமுத்து வாய்விட்டு அழுதார். கிட்டத்தில் முனியாண்டியைத் தவிர யாரும் இல்லை.

பிறகு எழுந்து மூட்டையின் கட்டை அவிழ்த்தார். ரோட்டோரத்தில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட ஆரம்பித்தார். கை அறிந்த எடை, தராசு வேண்டியதில்லை. ஐந்து கிலோ ஆயிற்று, பத்து ஆயிற்று. பதினைந்து ஆனபோது நிறுத்தினார். சாக்கில் மணல் ஒரு சின்னப் பிள்ளை குந்தியிருக்கும் அளவுக்குக் குவிந்திருந்தது. உள்ளே மூட்டை ஜன்னலுக்குக் கீழே சரிந்துபோய்க் கிடந்தது, வெளியிலிருந்து பார்த்தால் அந்த சீட்டில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அவர் வாழ்நாளில் எத்தனையோ பேருடைய கிலோவைக் கழித்தவர். ஒரே ஆளிடம் இத்தனை கிலோவைக் கழித்ததில்லை.

சாயத்தண்ணி குடித்துவிட்டு வந்த விஜயகலாவும் கஜேந்திரனும் பார்த்தபோது, அவர் குவியலை மறுபடி அள்ளி மூட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி விடாமல், சாக்கில் ஒட்டியதையும் தட்டித் தட்டிப் போட்டார். மகளிடம் அம்மா சொன்னதைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூட்டை நிறைந்து பழையபடி ஜன்னல் உயரத்துக்கு நிமிர்ந்ததும், கட்டைக் கட்டி பெல்ட்டைப் போட்டார். கதவைச் சாத்தினார்.

"எடு புள்ள."

"நீங்க ஏறலயா அப்பா?"

"நான் நடந்து வாரேன்."

கஜேந்திரன் சில்லிலிருந்து கல்லை எடுத்தான். விஜயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டாள். எஞ்சின் கத்தியது, வண்டி வளைவின் பாதிக்குப் போயிற்று, அங்கே ஒரு கணம் யோசித்தது, பிறகு ஏறியது. கோயிலைத் தாண்டியது, மேல் ரோட்டுக்குத் திரும்பியது. திரும்பும்போது இடது ஜன்னலில் குமாரியின் மூட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது கீழே நின்ற அழகமுத்துவுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏத்தத்தில் நடக்க ஆரம்பித்தார். பாதி வழியில் மறுபடி போன் அடித்தது.

"ஏறிச்சாங்க?" என்றாள் குமாரி. ஒளிந்து நின்று பேசுகிறவள்போல ரகசியமாகக் கேட்டாள்.

"ஏறிச்சு. செவப்பையே எடுக்கிறோம். மேடம்கிட்ட இன்னைக்கே சொல்லிரு, டிக்கெட் போடச் சொல்லி."

"பதினஞ்சு கொறைச்சீங்கதானே?"

"ஒரு கிலோகூடக் கழிக்கல" என்றார் அழகமுத்து. அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் எறங்கிட்டேன். நீ ஒக்காந்து வா."